நிற்கத் தெரியாத ஜீப்

ஓடைப்பட்டி என்றால் எல்லோருக்கும் விதையில்லாத் திராட்சைதான் ஞாபகம் வரும். எனக்கு இனிமேல் ஒரு ஜீப் ஞாபகம் வரும் போலிருக்கிறது.

சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. பந்தி முடிந்து வெற்றிலை போடுகிற நேரம், பக்கத்து வீட்டுக் கொல்லையிலிருந்து ‘டங்... டங்’கென்று சுத்தியல் சத்தம். எட்டிப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் ஒரு பழைய மகிந்திரா ஜீப். அதற்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கால்களின் சொந்தக்காரருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். ஐ.டி.ஐ. படித்தவர். வாரத்தில் ஆறு நாள் சின்னமனூரில் ஒரு பட்டறையில் வேலை. ஏழாவது நாள் சொந்த ஜீப்பில் வேலை.

‘‘அப்கிரேடு பண்ணிக்கிட்டிருக்கேன் மாமா’’ என்றார், கையில் கிரீஸோடு.

பார்த்துப் பார்த்துத்தான் பண்ணியிருந்தார். முன்னால் கனத்த இரும்பு பம்பர். கூரைக்கு மேலே அகலம் முழுக்க எல்.இ.டி. லைட். ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூடுதலாகச் சேர்த்து வண்டியையே மூன்று அங்குலம் தூக்கி வைத்திருந்தார். ஒல்லி டயரைக் கழற்றிவிட்டு யானைக்கால் மாதிரி டயர். பக்கவாட்டில் மூக்கு முளைத்த மாதிரி ஒரு குழாய், ஸ்நார்க்கலாம். வெள்ளத்தில் போனாலும் எஞ்சின் மூச்சு விடுமாம். ஊர்ப் பேரில் ஓடை இருக்கிறது, சரி. ஜீப் மூழ்குகிற அளவுக்கு அதில் தண்ணீர் எப்போது வரப்போகிறது என்று கேட்டேன். சிரித்தார்.

‘‘பிரேக்?’’ என்றேன்.

‘‘அது புடிக்கும் மாமா. லேசா ரெண்டு மிதி மிதிக்கணும்... அம்புட்டுத்தான்.’’

அந்த ‘ரெண்டு மிதி’யைப் பற்றித்தான் இந்த வாரம்.

பிரேக்கை ஒரு தடவை மிதித்தால் வண்டி நிற்க வேண்டும். இரண்டாவது மிதி தேவைப்படுகிறது என்றால், ஷூ தேய்ந்து டிரம்மை எட்டவில்லை, அல்லது குழாய்க்குள் காற்றுப் புகுந்திருக்கிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் வாஷர் செத்துவிட்டது. மூன்றில் எதுவானாலும், முதல் மிதிக்கும் இரண்டாவது மிதிக்கும் நடுவே வண்டி யாருக்கும் கட்டுப்படாமல் ஓடுகிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 11 மீட்டர். கொண்டை ஊசி வளைவில் 11 மீட்டர் என்பது ரோடு முடிந்து பள்ளம் ஆரம்பித்த பிறகு வருகிற கணக்கு!

இவர் போட்டிருக்கிற டயரையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய டயர் சுமார் 28 அங்குல உயரம். புதுசு 31. மூன்று அங்குலம்தானே என்கிறீர்களா? சக்கரம் பத்து சதவிகிதம் பெரிசானால், அதே மிதிக்குக் கிடைக்கிற பிரேக் பிடி ஏறத்தாழ பத்து சதவிகிதம் குறையும். ஸ்பீடா மீட்டர் 60 என்று காட்டும்போது வண்டி 66-ல் போய்க்கொண்டிருக்கும். போதாததற்கு, கனத்த டயர், கனத்த பம்பர், உயர்ந்த உடம்பு. திருப்பத்தில் ஆள் முந்தியைவிட வேகமாகச் சாய்வார். ஆக, வேகத்தைக் கூட்டி, கனத்தைக் கூட்டி, உயரத்தைக் கூட்டி, நிறுத்துகிற சக்தியை மட்டும் குறைத்ததற்குப் பேர் அப்கிரேடு!

இவர் ஒருத்தரைச் சொல்லி என்ன பண்ண? 2020-ல் புது ‘தார்’ வந்தாலும் வந்தது, பைபாஸில் பாதிப் பேர் காட்டுக்குள் போகிற மாதிரிதான் காப்பி குடிக்கப் போகிறார்கள். ஷோரூமிலிருந்து வண்டி வெளியே வந்து நம்பர் பிளேட் ஏறுவதற்குள் டயர் மாறிவிடுகிறது. காசு அவரவர் காசு, வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் ஒன்று. லைட்டின் வெளிச்சம் எத்தனை லூமென் என்று மனப்பாடமாகச் சொல்கிறவரிடம், பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ‘அதையெல்லாம் மாத்தணுமா?’ என்பார்.

மாற்றணும் சாமி. பிரேக் ஆயிலுக்குத் தண்ணீர் என்றால் கொள்ளை ஆசை. மூடி போட்டு வைத்தாலும் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக் குடிக்கும். டாட் 3 என்கிற ரகம் புதுசாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது கணக்கு. ஈரம் குடித்த பிறகு அந்தக் கணக்கு 140-க்கு இறங்கிவிடும். மலை இறக்கத்தில் டிரம் காய்ந்து, சூடு சிலிண்டருக்கு ஏறி, ஆயில் கொதித்தால் உள்ளே ஆவி. ஆவியை அமுக்கினால் அமுங்கும். பெடல் தரையைத் தொடும், வண்டி போய்க்கொண்டே இருக்கும். ‘நல்லாத்தான் இருந்துச்சு, திடீர்னு பிரேக் போயிருச்சு’ என்று விபத்துக்குப் பிறகு சொல்கிறார்களே, அதில் பல ‘திடீர்’கள் இரண்டு மூன்று வருஷமாகத் தயாரானவை. அரை லிட்டர் டப்பா நல்ல ஓட்டலில் இரண்டு பேர் சாப்பிடுகிற காசுதான். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கெட்டிக்காரப் பிள்ளை. எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கு அதிகம் தெரிந்திருந்தது. ‘‘தெரியும் மாமா. வாரக் கடைசில மேகமலைக்கு ஒரு ரவுண்டு போறதோட சரி, எறக்கத்துல செகண்டு கியர்லதான் வருவேன்’’ என்றார். சரி, இவர் பிழைத்துக்கொள்வார்.

அப்போதுதான் கொல்லையின் மறுபக்கம் நின்றிருந்த இன்னொரு ஜீப்பைப் பார்த்தேன்.

இதற்கு லைட்டும் இல்லை, மூக்கும் இல்லை. பெயின்ட்டே பாதிதான். ஆனால் இதற்கும் ஓர் அப்கிரேடு நடந்திருந்தது. பின்பக்கத்தை ஒரு முழம் நீட்டி, இரண்டு பக்கமும் இரும்பு பெஞ்சு வைத்து வெல்டிங் அடித்திருந்தார்கள். பின்கதவு கிடையாது, தொங்கிக்கொண்டு வருவதற்கு ஒரு படிக்கட்டும் ஒரு கம்பியும். ஆர்.சி. புத்தகத்தில் எட்டோ ஒன்பதோ பத்தோ இருக்கும். தினமும் ஏறுவது பதினேழு, பதினெட்டு.

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்கு இந்த ஜீப்பை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி... மூன்று மலைப்பாதை. விடியற்காலை நாலு மணிக்குச் சோறாக்கி, தூக்குவாளியில் அடைத்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நம் பெண்கள் தெரு முக்கில் நிற்பார்கள். ஜீப் வரும். மடியில் ஒருத்தர், இடுக்கில் ஒருத்தர் என்று ஏறி, இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்குப் போய், பழம் எடுத்து, களை எடுத்து, சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்கி வருவார்கள். உலகம் பூராவும் பாயசத்தில் போடுகிற ஏலக்காய்க்கும் இந்த ஜீப்புக்கும் அவ்வளவு சம்பந்தம் உண்டு.

‘‘இது யார் வண்டி?’’

‘‘நம்ம தெரு அண்ணன் ஓட்டுது மாமா. நான்தான் பாத்துக் குடுக்குறேன். எங்கம்மா இதுலதான் வேலைக்குப் போகுது.’’

கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. பிறகு, அந்த வண்டிக்கு என்ன லைனிங் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கினார். ‘‘என் வண்டில கழட்டுனது... இன்னும் கொஞ்சம் ஓடும்ண்டு போட்டுக் குடுத்தேன். அண்ணனுக்கும் புதுசு வாங்க வசதியில்ல.’’

திட்டலாம் என்று வாயெடுத்தேன். யாரைத் திட்டுவது? வண்டிக்காரரையா? அந்த அண்ணனிடமும் பேசினேன். அவருக்குத் தலைக்கு இவ்வளவு என்றுதான் காசு. பத்துப் பேரை ஏற்றினால் டீசலுக்கே சரியாகப் போகும். பதினைந்தாவது ஆளிலிருந்துதான் அவர் வீட்டில் அடுப்பு எரியும். ‘‘பத்துப் பேரோட போனா, நாளைக்கு அந்தத் தோட்டத்துக்குப் பதினெட்டுப் பேரோட வேற ஜீப்பு போகும்ணே’’ என்றார். பொய் இல்லை.

தோட்ட முதலாளிக்குக் கணக்கு வேறு. காலை எட்டு மணிக்கு வாசலில் இருபது கைகள் வேண்டும். அவை எப்படி வந்தன, எதில் வந்தன, அந்த வண்டி நிற்குமா என்பது அவர் நோட்டில் இல்லை. கவாத்துக் கத்திக்குக் கணக்கு உண்டு, உரத்துக்கு உண்டு, மருந்துக்கு உண்டு. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் அதிகபட்சமாகக் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. பள்ளத்தாக்கு பூராவும் அதே பேச்சு. அந்த 7,000 ரூபாயில் கால் கிலோக் காசு, ஒரு ஜீப்பின் நாலு சக்கரத்துக்கும் லைனிங்கும் வாஷரும் மாற்றி ஆயிலும் ஊற்றுவதில் பெரும் பகுதியைக் கட்டியிருக்கும். எத்தனை ஜீப்புக்கு யார் மாற்றினார்கள்?

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது! தயாரித்த கம்பெனி சொன்ன அமைப்பை உரிமையாளர் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-வது பிரிவு இருக்கிறது. அதைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும் என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. அந்த வருஷமே சட்டத்தைத் திருத்தி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை ஜெயில் என்று போட்டார்கள். முன்னால் இரும்பு பம்பர் வைக்கக் கூடாது என்று 2017 டிசம்பரிலேயே டெல்லி எழுதிவிட்டது. பதினைந்து வருஷம் தாண்டிய சொந்தக் காருக்குப் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. இருபது வருஷம் தாண்டியதற்கு 2025-ல் 10,000 ஆக்கினார்கள்.

நன்றாகக் கவனியுங்கள். வண்டியில் எதைச் சேர்த்திருக்கிறார்கள் என்று பார்க்க ஆள் இருக்கிறார்கள். வண்டிக்கு எத்தனை வயது என்று எண்ண ஆள் இருக்கிறார்கள். உள்ளே எது தேய்ந்திருக்கிறது என்று டிரம்மைக் கழற்றிப் பார்க்கத்தான் ஆளைக் காணோம். எஃப்.சி. அன்றைக்கு மட்டும் பளபளவென்று டயர் போட்டு, மறுநாள் அந்த டயர் அடுத்த வண்டிக்குப் போகிற கதை ஊருக்கே தெரியும். பத்தாயிரம் வாங்கிக்கொண்ட அரசாங்கம், அதில் ஒரு பங்கைச் செலவழித்து ‘வா, உன் பிரேக்கைப் பார்ப்போம்’ என்று மலையடிவாரத்தில் ஒரு ஷெட் போட்டால் என்ன? மூன்று பாதைதானே, மூன்று ஷெட்! போக்குவரத்து வார விழாவுக்குப் போடுகிற பந்தல் செலவில் பாதி ஆகுமா?

கண்டிப்புக் காட்டினால் பெண்களின் கூலி போய்விடும் என்று அடுத்த வாரம் கடிதம் வரும். அதையும் இப்போதே பேசிவிடலாம். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறு முற்றியபோது, தோட்டத்துக்குப் போன நம் பெண்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். ஜீப்புகள் தெருவில் கிடந்தன. அப்போது இங்கே அடுப்பு எரியாதது உண்மை. மலைக்கு மேலே பழம் எடுக்க ஆளில்லாமல் முதலாளிகள் தவித்ததும் உண்மை. ஆள் வேண்டும் என்கிறவர், ஆள் வந்து சேருகிற செலவையும் கொடுக்கட்டும். தலைக்கு இவ்வளவு என்கிற கணக்கை நிறுத்திவிட்டு, நடைக்கு இவ்வளவு என்று கொடுக்கட்டும். பத்துப் பேரோடு இரண்டு நடை போகட்டும். தலைக்குக் காசு என்கிற வரை தலைகளைத்தான் அடுக்குவார்கள்.

‘இத்தனை வருஷமா ஓடுது, ஒண்ணும் ஆகலையே’ என்பது இன்னொரு கட்சி. கைதேர்ந்த டிரைவர்கள்தான், நானே சாட்சி. போடிமெட்டின் பதினேழு வளைவையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். ஆனால் சூட்டுக்குக் கைராசி தெரியாது. ஒரு சின்னக் கணக்கு. ஜீப்பும் ஜனமும் சேர்ந்து இரண்டேகால் டன் என்று வையுங்கள். ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து அதைக் கீழே இறக்கினால் உண்டாகிற சூடு, ஒரு பெரிய அண்டாவில் 75 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். எஞ்சின், காற்று, ரோடு எல்லாம் அதில் ஒரு பங்கு வாங்கிக்கொள்ளும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டினால் எஞ்சின் பங்கும் பிரேக் தலையில் விழும். எஞ்சினையே அணைத்துவிட்டு உருட்டுகிற மகராசன்களும் உண்டு. பூஸ்டர் உள்ள வண்டியில் அந்த உதவியும் போய்விடும், மிதித்தால் கல்லை மிதித்த மாதிரி இருக்கும். ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அந்த கியர் என்று பழைய லாரிக்காரர்கள் சொல்வார்களே, அதற்குப் பின்னால் இந்த அண்டா இருக்கிறது.

தம்பிமார்களே, கொல்லையில் ஸ்பேனர் பிடிக்கிறவர்களே, உங்களிடம்தான் கடைசியாகப் பேச வேண்டும். 1940-களின் கடைசியில் மகிந்திரா இந்த ஜீப்பை இங்கே பூட்ட ஆரம்பித்ததிலிருந்து, அதைக் காப்பாற்றி வந்தது கம்பெனியைவிட உங்களை மாதிரி ஆட்கள்தான். ஆணி, கம்பி, ஒரு வெல்டிங் குச்சி வைத்துக்கொண்டு செத்த வண்டியை எழுப்புகிற கை உங்களுடையது. அந்தக் கையை மதிக்கிறதால்தான் இந்தக் கோபம்.

ஒரு ஞாயிறு போதும். எஞ்சினை ஓடவிட்டு, பெடலை மிதித்து அப்படியே ஒரு நிமிஷம் பிடியுங்கள். மெல்லக் கீழே இறங்கினால் எங்கேயோ கசிகிறது, இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது. சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருக்கிறதா பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். கல் அடுக்கி முட்டுக் கொடுப்பதும் வேண்டாம், கல் பிளக்கும், நல்ல ஸ்டாண்டு வையுங்கள். டிரம்மைக் கழற்றியதும் தூசியை ‘உஃப்’ என்று ஊதுகிற பழக்கத்தை விடுங்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது. ஈரத் துணியால் துடையுங்கள். லைனிங்கில் ரிவிட் தலை தெரிந்தால் அன்றோடு அது குப்பை. கோடு விழுந்த டிரம்மில் புது லைனிங் போட்டும் பிரயோஜனமில்லை, லேத்துக்குக் கொடுங்கள். லைனிங்கில் ஆக்சில் ஆயில் பட்டிருந்தால் தேய்த்துக் காயவைத்துப் போடாதீர்கள், முதலில் சீலை மாற்றுங்கள். ஆயில் குறைந்தால் கையில் கிடைத்த எஞ்சின் ஆயிலை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ரப்பரெல்லாம் ஊதிப்போய் மொத்த பிரேக்கும் இறுகிவிடும். கடைசியில் ஏர் எடுக்கும்போது மாஸ்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து ஆரம்பியுங்கள். பிறகு டைராட் எண்டு, ஸ்டீயரிங் ஆட்டம், ஸ்பிரிங் யூ போல்ட்டு. பிறகு ஹேண்ட் பிரேக். அது பிடிக்கவில்லை என்றுதானே ஜீப்புக்குள் ஒரு கல்லை வைத்திருக்கிறீர்கள்? வண்டி நின்றதும் ஒரு பெண் குதித்து இறங்கி அந்தக் கல்லைச் சக்கரத்துக்கு அணை கொடுக்கிறதை நான் பார்த்திருக்கிறேன்.

இத்தனையும் முடிந்த பிறகு லைட் போடுங்கள். மூக்கு வையுங்கள். நானே வந்து கைதட்டுகிறேன்.

அன்று சாயங்காலமே அந்த அண்ணனின் ஜீப்பில் பின்பக்கச் சக்கரம் ஒன்றைக் கழற்றினோம். தம்பிதான் கழற்றினார், நான் டார்ச் பிடித்தேன். லைனிங்கில் ஒரு பக்கம் ரிவிட் தலை மினுங்கியது. சிலிண்டரில் கசிவு இல்லை, ஆனால் ஏர் எடுக்கும்போது வந்த ஆயில் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. தம்பி அதை ஒரு பாட்டிலில் பிடித்து வைத்துவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கடை அடைத்திருந்தது. ‘‘நாளைக்கு சாயங்காலம் வண்டி திரும்புனதும் ரெண்டு வண்டிக்கும் வாங்கிருவோம் மாமா’’ என்றார்.

அவருடைய அம்மா அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நாளைக்கு ஒரு நாள் வேலைக்குப் போக வேண்டாமே என்றேன்.

‘‘நாளைக்குப் போகலேண்டா நம்ம எடத்துல வேற ஆளை ஏத்திருவாய்ங்கண்ணே. அப்புறம் எனக்கு எடம் எங்குட்டு இருக்கு?’’ என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்று இரவு அங்கேயே தங்கினேன். காலை ஐந்து மணிக்கு ஜீப் வந்தது. தெரு முக்கில் நின்றவர்கள் ஏறினார்கள், எண்ணினேன், பதினேழு பேர். படிக்கட்டில் ஒரு பெண் தூக்குவாளியோடு தொற்றிக்கொண்டாள். சின்னமனூர் ரோட்டுத் திருப்பத்தில் பின்னால் சிவப்பு லைட் இரண்டு தடவை எரிந்தது.